சிவக்காத மடை

பள்ளிக் கண்காட்சிக்கு இன்னும் பதினெட்டு மணி நேரம் இருந்தது. ஒத்தக்கடைப் பள்ளியின் கணினி அறையில் முத்துச்செல்வி மவுஸை மெல்ல நகர்த்தினாள்.

திரையில் ஊர்க் கண்மாயின் படம். அவளே வரைந்தது. ஒரே பச்சை. மவுஸ் முனை கரையைத் தொட்டதும் கரை மட்டும் சிவந்தது. விலகியதும் பழையபடி பச்சையானது.

"ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமலேயா?" கணினி ஆசிரியை ஸ்ரீலட்சுமி குனிந்து பார்த்தார்.

"ஆமா மிஸ். இங்க உள்ள கம்ப்யூட்டர்ல அதை நிறுத்தி வச்சிருக்கீங்கல்ல? அதான் பக்கத்துக்கு நிறம், அளவெல்லாம் குடுக்குற சி.எஸ்.எஸ். வச்சே செஞ்சேன்."

"கேம் விளையாடுறீங்கன்னு நிறுத்துனேன். சரி, எப்படிச் செஞ்ச?"

"படத்து மேல கண்ணுக்குத் தெரியாத பெட்டி அஞ்சு வச்சிருக்கேன். மவுஸ் மேல வந்தா பெட்டி சிவக்கணும்னு ஒரு வரி எழுதியிருக்கேன். அம்புட்டுத்தான் மிஸ்."

"பெரிய திரையில போட்டா பெட்டி தள்ளிப் போயிறாதா?"

"போகாது மிஸ். இடத்தைச் சதவீதத்துல குடுத்திருக்கேன். படம் பெருசானா பெட்டியும் பெருசாகும்."

"சதவீதக் கணக்கே பிடிக்காதுன்னு அழுத பிள்ளை நீதானே?" மிஸ் அவள் தலையைச் செல்லமாகத் தட்டினார்.

மவுஸை நகர்த்துவது பார்வையாளர்களின் வேலை. எந்த இடம் சிவக்கிறதோ, அதைப் பற்றிச் சொல்வது அவள் வகுப்பு சூர்யபிரகாஷின் வேலை. அவன் அப்பா கண்மாய்த் தண்ணீரில் நெல் போடுபவர். கண்மாயைப் பற்றி அவனுக்குத் தெரியாதது கிடையாது.

ஒத்திகை தொடங்கியது. முத்துச்செல்வி மவுஸை மடையில் வைத்தாள். கரையில் இருக்கும் மடை சிவந்தது.

"இது கரை," என்றான் சூர்யபிரகாஷ். "மழைக்காலத்துல இது உடையாம..."

"மாப்ள, செவந்து நிக்கிறது மடைடா!" கூடப் படிக்கும் சாய்குமார் கைகொட்டிச் சிரித்தான். "வயலுக்குத் தண்ணி அது வழியாத்தானே போகுது? உனக்கே தெரியலையா? மிஸ், நான் சொல்றேன் மிஸ்!"

அடுத்த தடவையும் சூர்யபிரகாஷ் தப்பாகவே சொன்னான்.

"நான் டீ குடிச்சிட்டு வாரேன். அப்பவும் தப்பாச் சொன்னா சாய்குமார் பேசட்டும்," என்றார் மிஸ்.

சூர்யபிரகாஷ் தலைகுனிந்தான். இந்த வேலையைக் கேட்டு வாங்கியவன் அவன். அப்பாவையும் வரச் சொல்லியிருந்தான்.

முத்துச்செல்விக்குப் புரியவில்லை. மடை எது, கரை எது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவன்தான். மவுஸை மறுபடி மடையில் வைத்து, இந்த முறை அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் மவுஸ் முனையையே பார்த்துக்கொண்டிருந்தான். மடை சிவந்ததை அவன் கவனித்ததாகவே தெரியவில்லை.

அவள் விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள். கோப்பைத் திறந்து சிவப்பை எடுத்தாள். பதிலுக்கு, பெட்டியைச் சுற்றித் 'தடித்த வெள்ளைக் கோடு' என்பதற்கான வரியை எழுதினாள். அந்த ஒரு வரியில் ஐந்து பெட்டிகளும் மாறிவிட்டன.

"இப்பச் சொல்லு."

"மடை," என்றான் உடனே. "இது கரை. இது திரும்பவும் மடை!" அவன் குரல் மாறிவிட்டது. "ஏன் மாத்துன?"

"சும்மாதான். வெள்ளை எடுப்பா இருக்குல்ல?"

மறுநாள் அவர்கள் மேசையில்தான் கூட்டம் அதிகம். மவுஸ் போன இடமெல்லாம் சூர்யபிரகாஷ் சொல்லிக்கொண்டே போனான். அவன் அப்பா பின்வரிசையில் எக்கி எக்கிப் பார்த்தார்.

"எம்புட்டு அழகாச் சொல்றான்!" என்றார் ஓர் அம்மா.

"செஞ்சது இவ," என்று முத்துச்செல்வியைக் காட்டினான் சூர்யபிரகாஷ்.

சாய்குமார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். "ஏ முத்து, நேத்து சிவப்பு சூப்பரா இருந்துச்சு. எதுக்கு மாத்துன?"

"அது... சும்மா..." என்று இழுத்தாள் முத்துச்செல்வி.

"சும்மா இல்லடா," என்றான் சூர்யபிரகாஷ், எல்லோருக்கும் கேட்கும்படி. "எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே மாதிரிதான் தெரியும்."