குடத்துக்குள் கருங்கோட்டை

புதன்கிழமை காலையில் சுகிர்தாவின் அண்ணன் செங்கல்பட்டு பஸ் ஏறினான். அவனோடு அவனுடைய செல்போனும் ஏறியது. செல்போனோடு கருங்கோட்டையும் போய்விட்டது.

கருங்கோட்டை என்பது அந்தச் செல்போனில் இருந்த விளையாட்டு. ஒரு ஆற்றையே கோட்டைக்குள் அடைத்து வைத்திருப்பார்கள். அதை விடுவிக்க வேண்டும். மொத்தம் ஐந்து வாசல், வாசலுக்கு ஒரு காவல். ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு போக வேண்டும். சுகிர்தா மந்திரக்காரி, வசந்த்குமார் வைத்தியன், முனியன் வில்லாளி. முனியன் தன் ஆளுக்கு 'இடிமுழக்கன்' என்று பெயரும் வைத்திருந்தான். இரண்டே நாளில் நாலு வாசலைத் தாண்டிவிட்டார்கள். ஐந்தாவது வாசலுக்குப் போகும் சுரங்கத்தில் நுழையும்போதுதான் அண்ணன் பையைத் தூக்கினான்.

அவர்கள் விளையாடியது உத்திரமேரூர் ஏரிக்கரைக்குக் கீழே உள்ள களத்தில். நெல்லை எடை போட்டு வாங்கும் இடம் அது. சுகிர்தா வீட்டு நெல்லும் முனியன் வீட்டு நெல்லும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் குவிந்து கிடந்தன. முறை வரும்வரை யாராவது காவல் இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஆயிரம் வேலை, பள்ளிக்கூடமோ லீவு. ஆகவே ஆட்டையும் காக்கையையும் விரட்டுகிற பெரிய உத்தியோகம் பிள்ளைகளுக்கு வந்து சேர்ந்தது.

வசந்த்குமாருக்கு நெல் கிடையாது. களத்து முகப்பில் டீக்கடை வைத்திருக்கும் வளர்மதியின் மகன் அவன். ஐந்து வயதுத் தங்கை சுதாவைப் பார்த்துக்கொள்வதுதான் அவனுடைய உத்தியோகம்.

மத்தியானம் ஆனால் ஒருவர் குவியலை மற்றவர் பார்த்துக்கொள்வார்கள். "நீ போய் சாப்ட்டு வா, நான் பாத்துக்கறேன்." அந்தக் களத்தில் ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்கிற பேச்சு அது.

"எங்க நெல்லு சனிக்கெழம எடைக்குப் போவுதாம்," என்றான் முனியன். அவன் ஊர் ஆறு கிலோமீட்டர் தள்ளி. படிப்பதும் அங்கேதான். "அப்பால நான் இங்க எதுக்கு வரப் போறேன்? கோட்டையும் போச்சி, ஆறும் போச்சி."

சுகிர்தாவுக்கு எதையும் பாதியில் விடுவது ஆகாது. கிளை நூலகத்தில் ஒரு கதைப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்கள் கிழிந்திருந்தபோது, தானே ஒரு முடிவு எழுதி உள்ளே செருகி வைத்தவள் அவள்.

"ஃபோன் இன்னாத்துக்கு? மிச்சத்த நான் எழுதறேன்," என்றாள். "சனிக்கெழமைக்குள்ள முடிச்சிடலாம்."

எழுத அவளால்தான் முடியும். செல்போனில் ஒவ்வொரு வாசலிலும் ஒரு கல் இருந்தது. அதைத் தொட்டால் அந்த வாசலின் கதை இங்கிலீஷில் வரும். சுகிர்தா நிறுத்தி நிறுத்திப் படித்துத் தமிழில் சொல்வாள். அவள் இரண்டாவது வரிக்குப் போவதற்குள் முனியன், "ஸ்கிப் பண்ணு, ஸ்கிப் பண்ணு. சண்ட எப்ப வரும்?" என்று பிராணனை வாங்குவான். அப்படியும் அவள் ஒரு கல்லையும் விட்டதில்லை.

சாயங்காலத்துக்குள் பன்னிரண்டு பக்கம் எழுதி முடித்தாள். கடைசியில் பூதத்தோடு ஒரு பிரமாதமான சண்டை. வியாழக்கிழமை காலையில் அதை உரக்கப் படித்தாள்.

மூன்றாம் பக்கத்தில் வசந்த்குமார் கொட்டாவி விட்டான். நான்காம் பக்கத்தில் முனியன் காக்கையை விரட்ட எழுந்து போனான். அந்தப் பக்கம் காக்கையே இல்லை.

"இது கதடி, ஆட்டம் இல்ல," என்றான் திரும்பி வந்து. "எல்லாத்தையும் நீயே முடிவு பண்ணிட்டியின்னா நாங்க இன்னா பண்றது?"

சுகிர்தாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவன் சொன்னது உண்மை என்றும் தெரிந்தது. பேனாவைக் கடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து இரண்டு ஆடுகள் நெல்லில் வாய் வைத்தன. அவற்றைத் துரத்திக்கொண்டு ஏரிக்கரை வரை ஓடினாள். திரும்பி வரும்போது கையில் ஒரு பனையோலை இருந்தது.

"வசந்து, உங்க கடையில ஒரு ஓட்டப் பான கீதே, எடுத்துக்கினு வா."

உத்திரமேரூர்ப் பிள்ளைகளுக்குக் குடவோலையைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை பள்ளியிலிருந்து வரிசையாகக் கூட்டிப்போய்க் கல்வெட்டைக் காட்டிவிடுவார்கள். போதாததற்குப் பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வியாகவும் வரும். ஓலையில் பேரை எழுதிக் குடத்தில் போட வேண்டும். உள்ளே இருப்பது என்னவென்று தெரியாத ஒரு குழந்தை எடுக்க வேண்டும். எடுத்ததை எல்லாரும் கேட்கப் படிக்க வேண்டும்.

"நீங்க இன்னா பண்றீங்கன்னு சொல்லுங்க," என்றாள் சுகிர்தா. "இன்னா ஆவும்னு எல்லாருக்கும் நல்லாத் தெரிஞ்சா, அது ஆயிடும். சந்தேகமா இருந்தாத்தான் கொடம். மூணு ஓல போடுவோம், சுதா எடுப்பா. வந்தது வந்ததுதான். யாரும் மாத்தக் கூடாது, நானும்தான்."

சுதா தலையைப் பெரிதாக ஆட்டினாள். அவளுக்கும் ஒரு உத்தியோகம் கிடைத்துவிட்டது.

அப்புறம் பார்க்க வேண்டுமே. சுரங்கத்துக்குள் வௌவால் கூட்டம் வந்தது. இடிமுழக்கன் அம்பில் நெருப்பைக் கொளுத்தி விட்டான். வைத்தியன் மூன்று தடவை குடத்தை நம்பி மூன்று தடவையும் வழுக்கிச் சேற்றில் விழுந்தான். மூட்டை தூக்குகிறவர்கள்கூட நின்று, "டாக்டரு இப்ப எழுந்தாரா இல்லியா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். முனியன் அன்று ஒரு தடவைகூட 'ஸ்கிப்' சொல்லவில்லை. சுகிர்தாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஐந்தாம் வாசலுக்கு வந்தார்கள்.

"பனமர ஒசரத்துல ஒரு பூதம்," என்றாள் சுகிர்தா. "ஆயிரம் வருஷமா அந்த வாசல வுட்டு ஒரு அடி நவுந்ததில்ல."

"நான் முன்னால போறேன்," என்றான் முனியன். "நேரா நெஞ்சுல அடிக்கிறேன்."

வென்றான், காயம்பட்டான், வீழ்ந்தான் என்று மூன்று ஓலை. சுதா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். வசந்த்குமார் வாங்கிப் பார்த்தான்.

"வீழ்ந்தான்," என்றான்.

முனியன் முகம் சுருங்கியது. "கொழந்த தெரியாம எடுத்துட்டா. இன்னொரு வாட்டி எடுக்கச் சொல்லு."

"தெரியாம எடுக்கத்தான் கொழந்தய வெச்சோம்," என்றாள் சுகிர்தா.

"அப்ப நீங்களே ஆடிக்கங்க." அவன் எழுந்து தன் வீட்டுக் குவியலுக்கு அந்தப் பக்கம் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான்.

வசந்த்குமார் குசுகுசுத்தான். "ஒரே ஒரு வாட்டி திருப்பி எடுத்தா இன்னா ஆயிடும்? நாளைக்குப் போயிடுவான் சுகி."

சுகிர்தாவுக்குக் கை துறுதுறுத்தது. குடத்தில் கையை விட்டு 'வென்றான்' ஓலையை எடுத்துக் காட்டினால் தீர்ந்தது. ஆனால் மூன்று தடவை சேற்றில் விழுந்தபோது வசந்த்குமார் திருப்பி எடுக்கச் சொல்லவில்லை. இன்று மாற்றினால் நாளைக்கு அது குடவோலை இல்லை, வெறும் ஓட்டைப் பானை.

"மாத்த மாட்டேன்," என்றாள். "அவன இப்படியே போவவும் வுட மாட்டேன்."

அது எப்படி என்று அவளுக்கே தெரியவில்லை. மத்தியானம் வந்தது. முனியன் பசியோடு அசையாமல் உட்கார்ந்திருந்தான். யாரிடமும் குவியலைப் பார்க்கச் சொல்ல அவனுக்கு மனசு இல்லை.

சுகிர்தா எழுந்து போனாள். "நீ போய் சாப்ட்டு வா. நான் பாத்துக்கறேன்."

அவன் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு மர நிழலுக்குப் போனான்.

இரண்டு குவியலுக்கும் நடுவில் உட்கார்ந்து, தான் படித்த கதைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். ஒன்றில் கப்பல்காரன் பாதியிலேயே மூழ்கிவிடுவான். அவன் வரைந்த வரைபடம் கரை ஒதுங்கும். இன்னொன்றில் ராஜா செத்துவிடுவார். அவர் எழுதி வைத்த ஓலையால்தான் அடுத்த பாதி நடக்கும். கதைகளில் செத்தவர்கள் சும்மா இருப்பதே இல்லை.

சுகிர்தா நோட்டைத் திறந்தாள். தான் எழுதிய பன்னிரண்டு பக்கத்தையும் கிழித்தாள். அந்தப் பிரமாதமான சண்டையும் அதில்தான் இருந்தது. நெஞ்சு வலிக்கத்தான் செய்தது.

முனியன் திரும்பி வந்ததும் நோட்டை நீட்டினாள். "இடிமுழக்கன் செத்துட்டான். அத மாத்த முடியாது. ஆனா அவன் இடுப்புல ஒரு ஓல கீது. பூதத்துக்கு எழுதினது."

"அதுல இன்னா எழுதிக் கீது?"

"எனக்கு எப்படித் தெரியும்? அவன் உன் ஆளு. நீதான் சொல்லணும்."

"நான் கத கிதயெல்லாம் எழுத மாட்டேன். தமிழ்க் கட்டுரையே நாலு வரிதான் எழுதுவேன்."

"நாலு வரி போதும்," என்று நோட்டையும் பேனாவையும் நெல்லின் மேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

சனிக்கிழமை காலையில் முனியன் அப்பா ஏகாம்பரம் டிராக்டரோடு வந்து மூட்டை பிடிக்க ஆரம்பித்தார். முனியன் அந்தப் பக்கமே வரவில்லை. எல்லாம் முடிந்தது என்றே சுகிர்தா நினைத்தாள். கடைசி மூட்டை கட்டும்போது அவன் வந்தான். நோட்டு சட்டைக்குள் இருந்தது.

"எழுதினியா?" என்றாள்.

"கொஞ்சம்," என்று சொல்லித் திறந்தான். ஐந்து பக்கம்.

"டேய் முனியா, எடைக்கு நம்ம முற வந்துட்டுது," என்று அப்பா குரல் கொடுத்தார்.

"நேரம் இல்லடா," என்றான் வசந்த்குமார். "கடைசி வரிய மட்டும் படி. ஸ்கிப் பண்ணிடு."

முனியன் அவனை முறைத்தான். "ஸ்கிப்பா? ஒரு எழுத்து வுட மாட்டேன். நைனா, கொஞ்சம் இரு."

படிக்க ஆரம்பித்தான்.

"பூதத்துக்கு இடிமுழக்கன் எழுதுவது. நான் செத்துட்டேன். பரவாயில்ல. உம்மேல கோவம் இல்ல. கொஞ்சம் கீது. என் வில்ல வைத்தியனுக்குக் குடுத்துடு. அவன் அதையும் சேத்துல போட்டுடுவான், இருந்தாலும் குடு. எங்க ஆட்டுக்குச் சாயங்காலம் தண்ணி காட்டணும்னு வூட்ல சொல்லிடு."

ஆட்டைப் பற்றியே ஒரு பக்கம் போயிற்று. அது எந்த வேலியைத் தாண்டும், எந்தத் தழையைத் தின்னாது என்றெல்லாம் இருந்தது. யாரும் கொட்டாவி விடவில்லை. ஐந்தாம் பக்கத்துக்கு வந்தபோது அவன் குரல் தணிந்தது.

"நீ ஆயிரம் வருஷமா காவல் நிக்கிறியாமே. நான் ஏழு நாளு காவல் இருந்தேன், அதுக்கே பேஜாராயிடுச்சி. உன்ன ஒருத்தரும் சாப்ட்டியான்னு கேக்கல. வந்தவங்க எல்லாம் சண்டைக்குத்தான் வந்தோம். நானும் அப்படித்தான் வந்தேன். இனிமே நான் இங்கதான் கெடக்கப் போறேன், எனக்குப் பசிக்காது. நீ போய் சாப்ட்டு வா. வாசல நான் பாத்துக்கறேன்."

நோட்டை மூடினான். ஏகாம்பரம் தோளில் மூட்டையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சுகிர்தா குடத்தை நடுவில் இழுத்து வைத்தாள்.

"பூதம் இன்னா பண்ணும்? யாருக்காவது சந்தேகம் கீதா?"

வசந்த்குமார் இல்லை என்று தலையாட்டினான். சுதா ஒரு தட்டை எடுத்துக் குடத்தை மூடினாள்.

"பூதம் சாப்புடப் போயிடுச்சி," என்றாள்.

மந்திரக்காரியும் வைத்தியனும் கதவைத் தள்ளினார்கள். ஆயிரம் வருஷம் அடைபட்டிருந்த ஆறு அவர்கள் காலை நனைத்துக்கொண்டு வெளியே ஓடியது.

எடை முடிந்தது. முனியன் டிராக்டரில் ஏறி உட்கார்ந்தான். சுகிர்தா நோட்டை அவனிடமே கொடுத்துவிட்டாள். வண்டி ஏரிக்கரை ஏறும்போது அவன் திரும்பி வாயருகே கையைக் குவித்தான்.

"சுகி, பூதத்த அவசரப்படுத்தாத. மெதுவா சாப்ட்டு வரட்டும். நான் பாத்துக்கறேன்."