பெரிய நாக்கும் சின்ன நாக்கும்

பிஸ்கட் கம்பெனியின் ருசி பார்க்கும் அறைக்குள் மாலை நாலு மணிக்கு உதவியாளர் போனார். சற்று நேரம் கழித்து அலறிக்கொண்டு வெளியே ஓடிவந்தார். உள்ளே தலைமை ருசி பார்ப்பவர் நாற்காலிக்கும் மேசைக்கும் நடுவே விழுந்து கிடந்தார். உடம்பு வில்லாக வளைந்து விறைத்திருந்தது. மேசைமேல் வீட்டிலிருந்து வந்த பிளாஸ்க், அதன் மூடியில் கொஞ்சம் காபி மிச்சம்.

இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தபோது கூட்டம் வராந்தா வரை நின்றது. அவருக்கு நல்ல ஜலதோஷம். மூக்கு இரண்டும் அடைத்துக்கொண்டு, வாயால் மூச்சுவிட்டுக்கொண்டு, கைக்குட்டையும் கையுமாக வந்தார். வீட்டில் படுத்திருக்க வேண்டியவர்தான். லீவு கேட்டால் மேலதிகாரி முகம் எப்படிப் போகும் என்பதை நினைத்து, கேட்காமலே வந்துவிட்டார்.

அறை சின்னது. வெள்ளைச் சுவர், வாய் கொப்பளித்துத் துப்ப ஒரு தொட்டி, பிஸ்கட்டின் நிறம் கண்ணை ஏமாற்றாமல் இருக்கச் சிவப்பு விளக்கு. வெளியே எங்கு பார்த்தாலும் வெண்ணெயும் வெனிலாவும் மணப்பதாக ஏட்டு சொன்னார். இன்ஸ்பெக்டரின் மூக்குக்கு ஒன்றும் எட்டவில்லை.

இறந்தவருக்குக் கம்பெனியில் 'பெரிய நாக்கு' என்று பெயர். அவர் தலையசைக்காமல் ஒரு பிஸ்கட் வெளியே போனதில்லை. உதவியாளர் 'சின்ன நாக்கு'. மெலிந்த ஆள், நாற்பதைத் தொடுபவர். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"கடைசியா எப்போ பார்த்தீங்க?"

"மத்தியானம் சாப்பிட்டப்புறம் சார். மாத்திரை, தண்ணி எல்லாம் நான்தான் எடுத்துக் குடுப்பேன். ஒரு புள்ள மாதிரி பார்த்துக்கிட்டேன் சார். அப்புறம் மாவு பிசையற பக்கம் போயிட்டேன். அவர் காபி குடிக்கிற நேரத்துல யாரும் உள்ள வரக் கூடாது."

"காபி யார் போட்டது?"

"அவரோட மருமகதான் தினமும் பிளாஸ்க்ல குடுத்து அனுப்பும்." உதவியாளர் குரலைத் தாழ்த்தினார். "சார், வெளிய சொல்லாத விஷயம் ஒண்ணு. போன வருஷம் ஒரு காய்ச்சல் வந்துச்சு. அதுல அவருக்கு வாசனையே போயிடுச்சு. அதனால எதைக் கலந்திருந்தாலும், எவ்வளவு கசப்பா இருந்தாலும் தெரியாமக் குடிச்சிருப்பாரு. இந்த விஷயம் எனக்கும் அந்தப் பொண்ணுக்கும்தான் தெரியும்."

"வாசனை தெரியாதவரு எப்படி இந்த வேலை பார்த்தாரு?"

"நான் பார்த்துச் சொல்வேன். அவர் கையெழுத்துப் போடுவாரு." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாள் காலையில் ஆய்வகத்திலிருந்து பதில் வந்தது. எலிக்கு வைக்கும் பழைய ரகப் பொடி. கசப்பென்றால் அப்படியொரு கசப்பு. பிளாஸ்கிலும் இருந்தது, மூடியிலும் இருந்தது, வயிற்றிலும் இருந்தது. அதே பொடி மருமகளின் சமையலறைப் பரண்மேல் ஒரு டப்பாவில் கிடைத்தது. போதாக்குறைக்கு, முந்தின நாள் காலையில் மாமனாரும் மருமகளும் தெருவுக்கே கேட்கும்படி சண்டை போட்டிருக்கிறார்கள்.

அவளை ஸ்டேஷனுக்கு அழைத்து வந்தார்கள். புருஷனுக்குக் கப்பலில் வேலை, கரைக்கு வர இன்னும் நாளாகும். கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். பெஞ்சில் உட்கார்ந்தவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"எலி மருந்து எப்படி வீட்டுக்கு வந்தது?"

"மாமாதான் கம்பெனி குடோன்லேருந்து கொண்டு வந்தாரு. அங்க மூட்டை மூட்டையா மாவு இருக்குல்ல, எலித் தொல்லை. வேணும்னா யாரும் எடுத்துக்கலாமாம்."

"சண்டை எதுக்கு?"

"முதலாளிகிட்ட உண்மையைச் சொல்லுங்கன்னு சொன்னேன். ஒரு வருஷமா ராத்திரியெல்லாம் தூங்காம உக்காந்திருக்காரு சார். ஊருக்கெல்லாம் பொய் சொல்றேனேன்னு அவரே புலம்புவாரு. மறுபடி அதே வேலைக்குப் போவாரு. நேத்து எனக்குப் பொறுமை போயிடுச்சு, கத்திட்டேன். கடைசியில சரிம்மா, இந்த வாரமே சொல்லிடறேன்னு சொல்லிட்டுத்தான் கிளம்பினாரு."

"அவருக்குத்தான் வாசனையே தெரியாதே. காபி மட்டும் எதுக்கு?"

அந்த நிலையிலும் அவளுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. "அதை ஏன் கேக்கறீங்க. மணம் போச்சு, இனிப்பாவது மிஞ்சட்டும்னு சர்க்கரையை அள்ளிப் போடச் சொல்வாரு. கொஞ்சம் குறைஞ்சாலும் கண்டுபிடிச்சிடுவாரு. அவரை வச்சு மாரடிக்கிறது சாமானியம் இல்ல. காய்ச்சலுக்கப்புறம் ஒரு மாத்திரை குடுத்தாங்க. தொண்டை வரைக்கும் கசக்குதுன்னு துப்பித் துப்பி, டாக்டர்கிட்ட சண்டை போட்டு அதையே கேப்ஸ்யூலா மாத்தி வாங்கினாரு. கடைசி வரைக்கும் மத்தியானம் சாப்பிட்டதும் அதைத்தான் முழுங்கினாரு. குழந்தைகூட அவ்வளவு அடம் பிடிக்காது சார்."

இன்ஸ்பெக்டர் தும்மினார். தலை பாரமாக இருந்தது. அவள் சொன்னது காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. கைது செய்வதற்கான வேலைகளைப் பார்க்கும்படி ஏட்டிடம் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

மத்தியானச் சாப்பாட்டைத் திறந்தார். மனைவி பார்த்துப் பார்த்துச் சமைத்து அனுப்பியிருந்தாள். ஈரக் காகிதத்தை மெல்லுவதுபோல இருந்தது. பாதியில் மூடி வைத்துவிட்டு ஜலதோஷ மாத்திரையை வாயில் போட்டார். தண்ணீர்ப் பாட்டில் காலி. "ஏட்டு!" என்று கூப்பிடுவதற்குள் மாத்திரை நாக்கில் ஒட்டிக்கொண்டு கரைந்தது.

கசந்தது. அடிநாக்கில் பிடித்துக்கொண்டு, தொண்டை குமட்டி, கண்ணில் தண்ணீர் வரும்படி கசந்தது.

ஏட்டு கொண்டுவந்த தண்ணீரைக் கையில் வாங்கிய இன்ஸ்பெக்டர் குடிக்க மறந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பிற்பகல் மூன்று மணிக்கு அவர் பிணவறையில் இருந்தார். பிரேதப் பரிசோதனை செய்யும் டாக்டரம்மா இரண்டு நாள் வேலையை ஒரே நாளில் செய்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தார்.

"டாக்டர், மூக்கு அடைச்சா சாப்பாடு ருசிக்கல. மாத்திரை மட்டும் ஏன் கசக்குது?"

"இதைக் கேக்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க?" டாக்டரம்மா சலித்துக்கொண்டார். ஆனாலும் விளக்கினார். "நாம ருசின்னு சொல்றதுல பெரும்பங்கு வாசனைதான் சார். மெல்லும்போது தொண்டை வழியா மூக்குக்கு ஏறும். அது போச்சுன்னா காபி எது, டீ எதுன்னு தெரியாது. ஆனா இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு இதெல்லாம் நாக்கோட சொந்த வேலை. அதுக்கு நரம்பே தனி. மூக்கு செத்தாலும் நாக்கு சொல்லும்."

"நாக்குல இந்த இடம் இனிப்புக்கு, அந்த இடம் கசப்புக்குன்னு பள்ளிக்கூடத்துல படம் போட்டோமே?"

"அது தப்பான படம். எல்லா ருசியும் எல்லாப் பக்கமும் தெரியும். கண்ணாடியில பார்த்தா நாக்குல புள்ளி புள்ளியாத் தெரியுதே, அதையும் சுவை மொட்டுன்னு நினைக்கிறாங்க. அது வெறும் மேடு. மொட்டு அந்த மேட்டுக்குள்ள, கண்ணுக்குத் தெரியாம ஒளிஞ்சிருக்கும். பழசு சாகும், புதுசு முளைக்கும், சாகிற வரைக்கும் நடக்கும். அடிநாக்குல பெரிய மேடா ஒரு வரிசை இருக்கும். ஒவ்வொண்ணையும் சுத்தி அகழி மாதிரி பள்ளம். குடிக்கிறது எல்லாம் அந்தப் பள்ளத்துல இறங்கித் தங்கும்."

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். "அந்தப் பள்ளத்துல என்ன தங்கியிருக்குன்னு பார்த்துச் சொல்ல முடியுமா? அப்படியே அவர் மத்தியானம் சாப்பிட்ட கேப்ஸ்யூல் மருந்து ரத்தத்துல இருக்கான்னும் பாருங்க."

டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். பிறகு எழுந்து கையுறையை மாட்டிக்கொண்டார்.

அடுத்த நாள் காலை பத்து மணி. ருசி பார்க்கும் அறை. மேனேஜர் ஒருபக்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். உதவியாளர் தொட்டியோரமும் ஏட்டு வாசலோரமும் நின்றார்கள். இன்ஸ்பெக்டருக்கு நிற்கத் தெம்பில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டார்.

"வாசனை போனதால கசப்பு தெரியாமக் குடிச்சிருப்பாருன்னு சொன்னீங்க."

"ஆமா சார்."

"எனக்கும் மூக்கு அடைச்சுக் கிடக்கு. என் மாத்திரை எனக்குக் கசக்குதே?"

"அது… ஆளுக்கு ஆள் மாறும் சார்."

"அவருக்கு மாறல. கசக்குதுன்னுதான் மாத்திரையைக் கேப்ஸ்யூலா மாத்தி வாங்கியிருக்காரு. அந்தக் காபியை அவர் ஒரு வாய் வச்சிருந்தாலே இந்தத் தொட்டியில துப்பியிருப்பாரு. துப்பல. குடிச்சிருக்காரு. அப்படின்னா குடிக்கும்போது காபி நல்ல காபி. பொடி அப்புறம் வந்து விழுந்தது."

உதவியாளர் மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார்.

"அடிநாக்குப் பள்ளத்துல காபி இருக்கு, சர்க்கரை இருக்கு. விஷம் இல்ல. ஆனா வயித்துல இருக்கு. நாக்குக்குத் தெரியாம வயித்துக்குப் போகணும்னா ஒரே வழிதான். நீங்க எடுத்துக் குடுத்த கேப்ஸ்யூல். உள்ள இருக்க வேண்டிய மருந்து அவர் ரத்தத்துல துளிகூட இல்ல. கூட்டைப் பிரிச்சு மருந்தைக் கொட்டிட்டு, குடோன் பொடியை அடைச்சிருக்கீங்க. நாலு மணிக்கு உள்ள வந்து, மிச்சக் காபியிலயும் அதையே போட்டுட்டுத்தான் கத்தினீங்க."

"வேற யாராவது செஞ்சிருக்கலாமே சார்? நான் ஏதோ தெரியாம, வாசனையும் ருசியும் ஒண்ணுதானேன்னு…"

"அங்கதான் மாட்டிக்கிட்டீங்க. இதை ஏட்டு சொல்லியிருந்தா விட்டிருப்பேன். நானே சொல்லியிருப்பேன். ஆனா இங்க புதுசா சேர்றவங்களை மூக்கைப் பொத்திக்கிட்டுச் சர்க்கரையையும் உப்பையும் பிரிச்சுச் சொல்லச் சொல்றது யாரு?"

மேனேஜர் கடிகாரத்திலிருந்து நிமிர்ந்தார். "இவர்தான் சார். முதல் பாடமே அதுதான்."

உதவியாளர் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார். பேசியபோது குரலில் அழுகை இல்லை, அலுப்புதான் இருந்தது.

"ஒரு வருஷமா என் நாக்கை வச்சுத்தான் அவர் பெரிய நாக்கா இருந்தாரு சார். மாலையும் மரியாதையும் அவருக்கு. நான் ஒரு வார்த்தை சொல்லல. அன்னிக்குக் காலையில திடீர்னு வந்து, முதலாளிகிட்ட எல்லாத்தையும் சொல்லிடலாம்டா, மனசு கேக்கலங்கிறாரு. அவருக்கு என்ன, வயசாச்சு, வீட்டுல உக்காந்துக்குவாரு. பொய்யா ருசி சொன்னவன்னு பேரு வாங்கினா என்னை எவன் சேர்ப்பான்? காலைப் பிடிச்சுக் கெஞ்சினேன். மருமக சொல்லிட்டா, இனிமே மாத்த மாட்டேன்னாரு."

"அதனால அந்தப் பொண்ணையும் சேர்த்து மாட்டிவிட்டீங்க."

ஏட்டு அவர் தோளைத் தொட்டு எழுப்பினார்.

மேனேஜர் இன்ஸ்பெக்டரின் காதோரம் குனிந்தார். "சார், தப்பா நினைக்காதீங்க. நாளைக்கு ஒரு பெரிய லோடு போகணும். இவரை விட்டா வேற நாக்கு இல்ல. கொஞ்ச நேரம் இருந்து பார்த்துக் குடுத்துட்டு…"

இன்ஸ்பெக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். திட்டக்கூடத் தெம்பில்லாமல் வெளியே நடந்தார்.

ஸ்டேஷனில் மருமகளிடம் விஷயத்தைச் சொன்னார். வீட்டுக்குப் போகலாம் என்றார். அவள் எழுந்திருக்கவில்லை.

"அழைச்சிட்டுப் போக யாராவது வரணுமாம்மா?"

"இல்ல சார்." புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "ரெண்டு நாளா இதே நினைப்பு. காலையில அவ்வளவு கத்தினேனா, அப்புறம் நான் குடுத்த காபியைக் குடிச்சிட்டுக் கீழ விழுந்தாரா… விழும்போது, இவதான் எதையோ கலந்துட்டான்னு நினைச்சிருப்பாரோ சார்?"

இன்ஸ்பெக்டர் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார். இத்தனை வருஷ வேலையில் சொன்ன ஆறுதல்களில் பாதி பொய். இதற்குப் பொய் தேவைப்படவில்லை.

"கசந்திருந்தாத்தானேம்மா நினைப்பாரு? கசக்கவே இல்ல. சர்க்கரை தூக்கலா, அவருக்குப் பிடிச்ச மாதிரிதான் இருந்திருக்கு. பிளாஸ்க்ல பாதிக்கு மேல குடிச்சிருக்காரு."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, பிடிபட்ட நாளிலிருந்து முதல்முறையாக, வாய்விட்டு அழுதாள். அழுது முடிக்கும்வரை அவரும் எழுந்து போகவில்லை.