பெயர்ப்பலகையில் ஓரிடம்

சனிக்கிழமை காலை, ஜொகூர் மாநிலத்து மூவார் நகரில் ஐயாசாமியின் வீட்டு வாசலில் ஷாந்தினி சோமசேகரத்தின் கார் வந்து நின்றபோது, உள்ளே சுகுமாறன் தன் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கென்னண்ணே! ரிட்டையர் ஆகியும் யாருக்குப் பிரச்சினைன்னாலும் உங்களைத்தான் தேடி வர்றாங்க. நானும் அதே கோர்ட்டுலதான் முப்பது வருஷமா சம்மன் கொண்டுபோய்க் குடுக்கறேன். என்னை ஒரு நாய்கூடத் தேடல. அப்பல்லாம் வெள்ளிக்கிழமை ஆனா பாரிட் ஜாவா கடற்கரையில தூண்டிலப் போட்டுட்டு நிம்மதியா உட்கார்ந்திருப்பேன். இப்ப லீவை மாத்திட்டாங்களா, ஞாயித்துக்கிழமை வீட்டுக்காரி கோயிலுக்கு இழுத்துட்டுப் போயிடறா. மீனும் போச்சு, நிம்மதியும் போச்சு."

ஐயாசாமி சிரித்துக்கொண்டே எழுந்து கதவைத் திறந்தார். நீதிமன்றத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் அவர். பிறருடைய பொய்களை மூன்று மொழிகளில் திருப்பிச் சொல்லிச் சொல்லி, பொய் எங்கே மூச்சு வாங்கும் என்று கண்டுகொள்வது அவருக்குப் பழகிவிட்டது.

ஷாந்தினி உட்காரக்கூட இல்லை. 'சோமசேகரம் அண்ட் கோ' என்ற வழக்கறிஞர் நிறுவனத்தின் தலைவி. அவருடைய தந்தை 1956இல் தொடங்கிய நிறுவனத்துக்கு வருகிற திங்களன்று எழுபது வயது. அன்று வாசல் பெயர்ப்பலகையில் புதுப் பங்குதாரராக லோஷினியின் பெயர் ஏறப்போகிறது என்று அலுவலகம் முழுக்கப் பேச்சு.

"சாஆ தோட்டத்தில செம்பனைக் குலை வெட்டினவரின்ட மகள், மிஸ்டர் ஐயாசாமி. எங்களிட்ட எட்டு வருஷம். அவளைப்போல உழைச்ச ஆள் இல்லை. நேற்று இது கிடைச்சுது" என்று ஒரு தாளை நீட்டினார்.

வாடிக்கையாளரோடு எது பேசினாலும் அன்றே குறிப்பெழுதிக் கோப்பில் கட்டுவது அந்த நிறுவனத்தின் வழக்கம். இதுவும் அப்படி ஒரு குறிப்பு, கணினியில் அச்சிட்டது. ஐயாசாமி வாய்விட்டுப் படித்தார்.

'14.6.2019. திருமதி தனலெட்சுமி நேரில் வந்து நிலப் பத்திரத்தின் மூலப்பிரதியை என்னிடம் தந்தார். பிற்பகல் நானே நில அலுவலகத்துக்குப் போய்க் கொடுத்தேன். வார விடுமுறை கழிந்து 17ஆம் தேதி திங்களன்று வரச் சொன்னேன்.' கீழே லோஷினியின் சுருக்கக் கையெழுத்து.

"அந்தப் பத்திரம் 2019இல தொலைஞ்சுபோச்சு. ஆபீசில குடுத்தன் எண்டு அந்த அம்மா அழுதா. லோஷினியைக் கேட்டன். கண்ணாலயும் காணேல்லை எண்டாள். நம்பினன். இப்ப இப்படி ஒரு குறிப்பு. இது உண்மையெண்டால் அவள் என்ட முகத்துக்கு நேர பொய் சொல்லியிருக்கிறாள். அப்பா தன்ட கையால எழுதி மாட்டின விதி இண்டைக்கும் சுவரில தொங்குது: பிழை செய்தவருக்கு இங்கே இடம் உண்டு, மறைத்தவருக்கு இல்லை. பலகையில பேர் மட்டுமில்லை, அவளின்ட வக்கீல் தொழிலே போயிடும்."

"லோஷினி என்ன சொல்றாங்க?"

"ஒரு வரி வாசிச்சவள், அதோட அழத் தொடங்கினவள்தான்."

ஐயாசாமி குறிப்பை இன்னொரு தடவை படித்தார். பிறகு சுகுமாறனை ஒரு பார்வை பார்த்தார். எதற்கு அந்தப் பார்வை என்று சுகுமாறனுக்கு விளங்கவில்லை.

கோப்பறைச் சாவி லோஷினியைத் தவிர மூன்று பேரிடம் இருந்தது. மதியம் மூவரையும் அலுவலகத்துக்கு வரவழைத்தார்கள். ஐயாசாமி ஒவ்வொருவரிடமும் இரண்டே கேள்விதான் கேட்டார். எப்போது இங்கே வேலைக்கு வந்தீர்கள்? லோஷினியின் பெயர் பலகையில் ஏறுகிறது என்றதும் உங்களுக்கு எப்படி இருந்தது?

தலைமை எழுத்தர் புஷ்பவள்ளிதான் அந்தக் குறிப்பைக் கண்டெடுத்தவர். "நான் வந்து முப்பத்தோரு வருஷம், ஐயா. அந்தப் பிள்ளைக்கு ஃபைல் கட்டவே நான்தான் சொல்லிக் குடுத்தேன். இப்ப அது கூப்பிட்டா நான் எழுந்து நிக்கணும். எப்படி இருக்கும்? பத்திக்கிட்டு வந்துச்சு."

செல்வா மூவாரிலேயே பிறந்து வளர்ந்த இளம் வழக்கறிஞர். "ரெண்டாயிரத்துப் பதினெட்டுல லோஷினியும் நானும் ஒரே நாள்ல சேர்ந்தோம், அங்கிள். அவ பேர் பலகையில, என் பேர் இன்னும் பஞ்ச் கார்டுல. அன்னிக்குச் சோறு இறங்கல. மாசாய்ல இருக்கிற என் அண்ணன்கிட்ட போன் பண்ணி அவளைத் திட்டித் தீர்த்தேன், லா."

மூன்றாமவர் ரவீந்திரன், ஷாந்தினியின் அண்ணன் மகன், நிறுவனரின் பேரன். கோலாலம்பூரில் பன்னிரண்டு ஆண்டுகள் வழக்காடிவிட்டு, போன ஆண்டு பிப்ரவரியில்தான் மூவாருக்கு வந்தவர். "எனக்குச் சந்தோஷம்தான், அங்கிள். எனக்கு அவளில ஒரு பொறாமையும் இல்லை. ஆனால் நோட் இருக்குது, சைன் இருக்குது. பாவம், என்ன செய்யிறது?"

வெளியே வந்ததும் சுகுமாறன் ஐயாசாமியின் கையைப் பிடித்துக்கொண்டார். "செல்வாதாண்ணே! ஒரே நாள்ல சேர்ந்தவன், வேற யாருக்கு அவ்வளவு எரியும்? எனக்கு உங்க மேல எரியற மாதிரிதான்."

"எரியுதுன்னு நீ வாயால சொல்லிட்ட. அதனாலதான் உன்னை வீட்டுக்குள்ள விடறேன். வா உள்ளே."

கூட்ட அறையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். லோஷினியின் கண்கள் வீங்கியிருந்தன. நிறுவனரின் விதி சட்டமிட்டுச் சுவரில் தொங்கியது. ஐயாசாமி அதற்குக் கீழே நின்றார்.

"இதை லோஷினி எழுதல, வேற யாரோ எழுதிக் கோப்புக்குள்ள வெச்சிருக்காங்க. யாருன்னு நான் சொல்றதுக்கு முன்னால, மேடம் ஒரு தடவை கேட்கட்டும்."

ஷாந்தினி மூன்று பேரையும் பார்த்தார். "செய்தவர் இப்ப சொன்னால் அப்பாவின்ட விதிப்படி அவருக்கு இங்க இடம் இருக்கு."

புஷ்பவள்ளிதான் முதலில் வாயைத் திறந்தார். "நான் எழுதலம்மா. ஆனா, இதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. யோசிக்காம தூக்கிட்டு ஓடி வந்தேன். லோஷினி, என்னை மன்னிச்சிடும்மா."

செல்வா இல்லை என்று தலையை அசைத்தார். ரவீந்திரன், "நான் இல்லை, மாமி" என்றார்.

"அப்ப சரி" என்று ஐயாசாமி திரும்பினார். "சுகுமாறா, 2019 ஜூன் பதினேழு திங்கக்கிழமைன்னு இதுலயே இருக்கு. அப்ப பதினாலு என்ன கிழமை?"

சுகுமாறன் விரல்விட்டு எண்ணினார். "வெள்ளிக்கிழமை."

"அன்னிக்கு நீ எங்க இருந்த?"

"வெள்ளிக்கிழமைன்னா வேற எங்க? பாரிட் ஜாவாவுல தூண்டில்..." சுகுமாறனின் வாய் அப்படியே நின்றுவிட்டது. "ஐயோ, அலமாக்! அன்னிக்கு லீவுண்ணே!"

"லீவுதான்" என்றார் ஐயாசாமி. "ஜொகூர்ல பதினோரு வருஷம் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. போன வருஷம் ஜனவரியிலதான் சனி, ஞாயிறுன்னு மாத்தினாங்க. 2019ல வெள்ளிக்கிழமை கோர்ட் மூடியிருக்கும், லேண்ட் ஆபீஸ் மூடியிருக்கும், இந்த ஆபீசும் மூடியிருக்கும். மூடின கவுண்டர்ல லோஷினி பத்திரத்தை எப்படிக் குடுத்தாங்க?"

செல்வா நெற்றியில் அடித்துக்கொண்டார். "நாம யாருமே கவனிக்கலையே!"

"பொறாமையோட படிச்சீங்க, தம்பி. கண்ணு நேரா பேருக்குப் போயிடுச்சு, தேதிக்குப் போகல. பாவம் லோஷினி அழுகையில படிக்கவே இல்ல. கையெழுத்து கஷ்டமே இல்ல, பழைய கோப்பு எதைத் திறந்தாலும் இருக்கு, பார்த்து வரைஞ்சிடலாம்."

"நாளைப் பார்க்காம ஏதோ ஒரு தேதியைப் போட்டிருக்கலாம்தானே, அங்கிள்? யாரும் செய்திருக்கலாம்" என்றார் ரவீந்திரன். குரலில் பதற்றமே இல்லை.

"நாள் பார்க்காம எழுதியிருந்தா நானும் திணறியிருப்பேன். ஆனா, 'வார விடுமுறை கழிந்து திங்கள் பதினேழு'ன்னு இருக்கே. காலண்டரைப் பார்த்து, சனி ஞாயிறுல மாட்டிக்கக் கூடாதுன்னு கவனமா வெள்ளியைப் பிடிச்ச ஆள் எழுதினது. இங்க இருந்தவங்களுக்கு அப்ப ஞாயிறு வேலை நாள். புஷ்பவள்ளியோ செல்வாவோ எழுதியிருந்தா ஞாயித்துக்கிழமை வரச் சொல்லியிருப்பாங்க. சனி ஞாயிறு லீவைத் தவிர இந்த ஆபீசுல வேற லீவே பார்க்காதவர் ஒருத்தர்தான். எப்பவும் சனி ஞாயிறு லீவு இருக்கிற கோலாலம்பூர்லேர்ந்து போன வருஷம் பிப்ரவரியில வந்தவர். பொறாமையே இல்லைன்னு சொன்னதும் அவர் மட்டும்தான்."

ரவீந்திரன் மேசையைப் பார்த்தபடி இருந்தார். கடைசியில் அவருடைய குரல் உடைந்தது.

"அப்பப்பாட பேனையை அவளுக்குக் குடுத்தீங்கள், மாமி. அப்பப்பாட அறையை அவளுக்குக் குடுத்தீங்கள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், என்னைப் பார்த்து 'நல்லா செய்தாய்' எண்டு சொன்னீங்களா? நான் அவரின்ட பேரன். அவள் ஆர்?"

ஷாந்தினி எழுந்து போய் அலமாரியைத் திறந்து, பழுப்புத் தாளில் சுற்றிய நீளமான பலகை ஒன்றைத் தூக்கி வந்து மேசைமேல் வைத்தார். தாளைக் கிழித்தார்.

பித்தளைப் பலகை. மேலே நிறுவனத்தின் பெயர். அதன் கீழே ஷாந்தினி. அதற்கும் கீழே புதிதாக இரண்டு பெயர்கள் பொறித்திருந்தன. லோஷினி. ரவீந்திரன்.

"போன கிழமையே வந்திட்டுது. திங்கட்கிழமை ரெண்டு பேருக்கும் ஒண்டாச் சொல்லலாம் எண்டு மறைச்சு வெச்சன்" என்றார் ஷாந்தினி. அவர் கண்ணில் நீர் நின்றது. "கொஞ்சத்துக்கு முதல் கேட்டேனே, ரவி. அப்பவாவது சொல்லியிருக்கலாமே."

ரவீந்திரன் குனிந்து தன் பெயரைப் பார்த்தார். விரலால் மெல்லத் தொட்டார். விரல் அங்கே நிற்கவில்லை, மேலே இருந்த பெயருக்குப் போனது.

"அவளின்ட பேர் ஏன் முதல்ல?" என்று கேட்டார்.

லோஷினி முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுகுமாறன் வாய் திறக்கப்போனார். ஐயாசாமி அவருடைய தோளில் கை வைத்து அமர்த்தினார்.

"இங்கிலீஷ் எழுத்து வரிசை, ரவி. வேற ஒண்டும் இல்லை" என்றார் ஷாந்தினி. பிறகு சுவரில் 'மறைத்தவருக்கு இல்லை' என்ற வரியை நிமிர்ந்து பார்த்துவிட்டு, கைப்பேசியை எடுத்து, பலகை செய்கிறவரின் எண்ணைத் தேடத் தொடங்கினார்.