தயாரா என்று பார்க்க வந்தவள்

"கண்ணாடியைக் கழற்றுங்க."

கண்ணாடிக் கடைக்குள் கால் வைத்ததுமே இப்படி ஒரு கட்டளை. வெளியே சடசடவென்று மழை... குடையில்லாமல் ஓடி வந்தவளின் மூக்குக் கண்ணாடி முழுக்க நீர்த்துளி. எதிரில் நிற்பவன் வெறும் வெள்ளைச் சட்டையாகத்தான் தெரிந்தான்.

"எதுக்கு?"

"துடைச்சுத் தரத்தான். எடுத்துக்கிட்டு ஓட மாட்டேன்."

கழற்றிக் கொடுத்தாள். அவன் துடைத்து, விளக்கில் காட்டிப் பார்த்து, உச்சுக்கொட்டினான். "இவ்வளவு கீறலோட ரோட்டைத் தாண்டி வந்திருக்கீங்க... பெரிய ஆளுதான். எதுல துடைப்பீங்க?"

"துப்பட்டால."

"அதுக்கு உப்புத்தாளே தேவலாம். உட்காருங்க, பவரையும் பார்த்துடலாம்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தாள். அவன் கண்கள் தெளிவாகத் தெரிந்தன... மழை கழுவிவிட்ட இலை மாதிரி, அத்தனை துப்புரவாய் இரண்டு கண்கள். வந்த வேலை மறந்தது. சொன்ன பேச்சைக் கேட்டு நாற்காலியிலும் உட்கார்ந்துவிட்டாள். இது அவளுக்கு வழக்கமே இல்லை. ஆபீசில் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் 'கறார்'.

"மேலேர்ந்து ரெண்டாவது வரி படிங்க."

"நான் கண்ணைக் காட்ட வரலை. உங்க கம்ப்யூட்டரைப் பார்க்க வந்தேன்."

உள்ளறையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்த அவன் அக்கா எட்டிப் பார்த்தாள். கடை அவளுடையது. "டேய், அவங்க ஆய்வுக்கு வந்தவங்கடா. வாசல்ல ஒதுங்கற பூனையைக்கூட நாற்காலியில ஏத்திடுவான். தப்பா நினைக்காதம்மா."

அசடு வழிந்தான். அதுவும் அழகாகத்தான் இருந்தது... சீ, வந்த வேலையைப் பார் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். வர வேண்டியவர் அவளுடைய சீனியர். காய்ச்சலில் படுத்துவிட்டதால் இந்தக் கடை அவள் தலையில் விழுந்தது.

விஷயம் இதுதான். பக்கத்துத் தொழிற்சாலை தன் ஆட்கள் அத்தனை பேருக்கும் இந்தக் கடையில் கண் பரிசோதனை செய்ய இருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. கம்ப்யூட்டருக்குள் புகுந்து கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் கும்பல் வந்தால் கடை சமாளிக்குமா என்று இவளுடைய ஆபீஸ் ஆய்வு செய்து அறிக்கை தர வேண்டும். முனையில் பெரிய கண்ணாடிக் கடை வந்த பிறகு இங்கே பாதிக் கூட்டம் இல்லை. ஒப்பந்தம் கிடைத்தால் கடை பிழைக்கும். இல்லையென்றால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

"பேக்கப் எடுக்கறீங்களா?"

"எடுக்காமலா..." அவன் பெருமையாகக் காட்டினான். பேக்கப் டிஸ்க் கம்ப்யூட்டரில் சொருகியபடி, மேலே பிளாஸ்திரி போட்டு ஒட்டப்பட்டிருந்தது. "யாரும் பிடுங்கிடக் கூடாதுன்னு அக்கா ஒட்டினது."

"வீட்டுக்குள்ள புகுந்த திருடன் அலமாரியை மட்டும் விட்டுட்டுப் போவானா? கம்ப்யூட்டரைப் பூட்டினா, கூட இருக்கற இதையும்தான் பூட்டுவான்."

"ஐயோ, பத்திரமா வெச்சிருக்கேன்னுல்ல நினைச்சேன்," என்றாள் அக்கா.

கிளம்பும்போது அக்காவிடம் மட்டும் தனியாக, ஒரு தூண்டில் போட்டுப் பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டாள்.

அந்தத் தூண்டில் மறுநாள் கடைக்கு மெயிலாகப் போனது. 'உங்கள் கடைக் கண்ணாடியைப் போட்டதிலிருந்து அம்மாவுக்குத் தலைசுற்றல். படிக்கட்டில் விழுந்துவிட்டார். படம் இணைத்திருக்கிறேன்.' பொய் விலாசம், பொய் அம்மா. இணைப்பைத் திறந்தால் இவளுக்குத் தகவல் வரும். அவள் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் வந்துவிட்டது... கூடவே அவனுடைய பதிலும்.

'அம்மா கண்ணாடியைக் கழற்றி வைக்கட்டும். தனியாகப் படி இறங்க விடாதீர்கள். நாளைக் காலையில் கூட்டி வாருங்கள், எத்தனை நேரமானாலும் காத்திருக்கிறேன்.'

இத்தனை தூண்டில் போட்டிருக்கிறாள். மாட்டியவர்கள் யாரும் தூண்டிலிடம் நலம் விசாரித்ததில்லை. இவனை என்ன செய்வது...

மறுநாள் அவள் போனபோது வாசலைப் பார்த்தபடி நின்றிருந்தான்.

"ஒரு அம்மா வரணும். இன்னும் காணோம்..."

"வர மாட்டாங்க. அந்த மெயில் நான் அனுப்பினது. சோதனை."

கண்களில் இருந்த வெளிச்சம் வடிந்தது. "ராத்திரி தூங்கலைங்க நான்."

"திருடன் 'நான் திருடன்'னா எழுதுவான்? உங்களுக்கு எங்க இளகுமோ அங்கதான் கை வைப்பான்."

"சரி... என்ன எழுதப் போறீங்க?"

"தயார் இல்லைன்னு."

"அக்கா இந்தக் கடைக்காகக் கல்யாணம்கூடப் பண்ணிக்கலை. கொஞ்சம் பார்த்து எழுதக் கூடாதா?"

"பார்த்துதான் எழுதறேன். நாளைக்கு அத்தனை பேர் விவரமும் களவு போனா, உங்க அக்காதான் பதில் சொல்லணும்."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "படிச்ச திமிர்."

அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். இந்த வார்த்தையைச் சித்தப்பா சொல்லியிருக்கிறார், அத்தை சொல்லியிருக்கிறாள், பக்கத்து வீட்டு வாயெல்லாம் சொல்லியிருக்கிறது. காதுக்குப் பழகிப்போன வார்த்தை. இவன் சொன்னால் மட்டும் ஏன் இப்படிச் சுருக்கென்று...

"திமிர்தான். அதை எனக்கு வாங்கிக் கொடுக்கத்தான் எங்கப்பா மூட்டை தூக்கினார்."

மழையில் நனைந்துகொண்டே போய்விட்டாள். எழுதினாள், தயார் இல்லை என்றே. ஒரு சொல்லைக்கூட மழுப்பவில்லை. கையோடு தொழிற்சாலை அதிகாரியைப் போனில் பிடித்து, "திருத்திக்க வாய்ப்புக் கொடுக்காம நிராகரிக்கறதுக்கு ஆய்வு எதுக்கு சார்?" என்று சண்டை போட்டு, மறு ஆய்வுக்குச் சம்மதம் வாங்கினாள். அதை யாரிடமும் சொல்லவில்லை. அதிகாரியே அக்காவிடம் சொல்லிவிட்டார்.

மறு ஆய்வுக்குப் போனபோது அவன் முகத்தைப் பார்க்காமலே ஆரம்பித்தாள். "கோப்பெல்லாம் பூட்டிக்கிச்சு. பணம் கேக்கறான். என்ன பண்ணுவீங்க?"

அவன் பதறவில்லை. இணைய வயரைப் பிடுங்கினான். அக்கா போய், வீட்டுப் பீரோவிலிருந்து டிஸ்க்கைக் கொண்டுவந்தாள். வேறொரு கம்ப்யூட்டரில் வாடிக்கையாளர் விவரங்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன.

"சந்தேகமா மெயில் வந்தா?"

"தொட மாட்டேன். அனுப்பினவங்களுக்கே போன் பண்ணி, குரலைக் கேட்டு உறுதி பண்ணுவேன்." டிஸ்க்கைக் கழற்றி அக்காவிடம் கொடுத்தான். "அன்னிக்குச் சொன்னது தப்புங்க. கடை போயிடுமோங்கற பயம். பயம்னாலும் தப்பு தப்புதான்."

"ம்."

'தயார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். மழைகூட இல்லை, ஒதுங்கி நிற்க... இனி இந்தக் கடைக்கு வர ஒரு காரணமும் இல்லை. ஊரையே எதிர்த்துப் பேசும் வாய்க்கு இவன் முன்னால் மட்டும் என்ன கேடு?

ஆபீசுக்கு வந்து உட்கார்ந்தாள். எழுதினாள், அழித்தாள், திரும்ப எழுதினாள். 'ஆய்வு முடிந்தது. இனி எனக்கு அங்கே வேலை இல்லை. ஆனாலும் வர வேண்டும் போல் இருக்கிறது.' கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினாள்.

போன் அடித்தது.

"மேடம், உங்க பேர்ல ஒரு மெயில் வந்திருக்கு. பார்த்தா சந்தேகமா இருக்கு."

"என்ன சந்தேகம்?"

"ரொம்ப சாந்தமா இருக்கு. நீங்க எழுதின மாதிரியே இல்ல."

சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "நான்தான் அனுப்பினேன்."

"அப்படின்னா அதுல என்ன இருக்குன்னு நீங்களே உங்க வாயால சொல்லுங்க. நான் உறுதி பண்ணிக்கணும்ல?"

"உங்களைப் பிடிச்சிருக்குன்னு இருக்கு."

மெல்ல, "அது மெயில்ல இல்லையே..." என்றான்.

"தெரியும்."

"நான் பதில் எழுதட்டுமா?"

"வேண்டாம்," என்று கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நேர்ல வந்து கேட்டுக்கறேன்."