பூட்டின் மேல் பூட்டு

சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட் பக்கத்தில் ஒரு ராத்திரி ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும், விடிவதற்குள் தரை, பாய், சோற்றுச் சட்டி எல்லாவற்றிலும் இரும்புத் தூசி கறுப்பாகப் படிந்துவிடும். பூட்டியே வைத்தாலும் கதவிடுக்கு வழியாக அது வந்து சேராமல் இருக்காது. ஆனால் நாலு மாதமாகப் பூட்டிக் கிடந்த இந்த வீட்டின் கூடத்தில் தூசி இல்லை. ஜஹானாரா செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்று தரையைப் பார்த்தாள். ஈரத்துணி போட்டுத் துடைத்த சுத்தம் இல்லை அது. வாசலிலிருந்து அடுப்படி வரை, எதையோ திரும்பத் திரும்ப இழுத்து இழுத்துத் தேய்த்த மாதிரி ஒரு தடம் பளபளத்தது.

ஆள் புழங்கியிருக்கிறது. சந்தேகமே இல்லை, அந்தப் பாழாய்ப் போன திலீப்தான்.

வாடகை பாக்கி, கரண்டு பாக்கி, மளிகைக்கடை பாக்கி, போதாததற்குத் தண்டல்காரர்களிடம் தினக்கடன். எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டுப் பெண்டாட்டியோடு ஓடிப்போனவன். ஓடிவிட்டான் என்று தெரிந்த அன்றே வண்ணாரப்பேட்டையிலிருந்து அவள் ஆட்டோ பிடித்து வந்தாள். மாடிக் கதவில் அவன் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. ராவோடு ராவாக வந்து சாமானை அள்ளிக்கொண்டு போய்விடக் கூடாதே என்று, வீட்டுக்காரர்கள் எல்லோரும் செய்வதுபோல, அதன் மேல் தன்னுடைய பெரிய பூட்டையும் போட்டாள். கீழே தண்ணீர் வால்வை மூடினாள், ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். ஓசிக்கு எவனும் அனுபவிக்க வேண்டாம்.

இன்று திறக்க வேண்டிய கட்டாயம் வந்துவிட்டது. மகள் ரிஃபானாவை அவள் புருஷன் கைக்குழந்தையோடு வெளியே தள்ளிவிட்டான். ஜஹானாரா இருப்பதோ மகன் வீட்டில். அங்கே மருமகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். இந்த இரண்டு அறையை விட்டால் அந்தப் பெண்ணைக் கொண்டுபோய் வைக்க வேறு இடமில்லை. பொழுது சாய்வதற்குள் ஆட்டோவில் வந்துவிடுவாள்.

கீழே இரும்புக் குடோனில் காவலுக்கு இருக்கும் தங்கப்பாண்டிதான் கட்டர் கொண்டுவந்து திலீப்பின் பூட்டை அறுத்துக் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை, மார்க்கெட் லீவு. தகடு வெட்டும் சத்தமும் சம்மட்டிச் சத்தமும் இல்லாமல் தெருவே காது அடைத்தது போலிருந்தது.

"உள்ள யாருனா கீறாங்களாம்மா?" என்று கேட்டான் அவன், கட்டரின் ஒயரைச் சுருட்டிக்கொண்டே.

"பூட்டின வூட்ல யாரு இருப்பாங்க?"

"இல்ல, தட்டுற சத்தம் கேக்கும். நாங்க சம்மட்டி அடிக்கச்சொல்லோ அதுவும் அடிக்கும். எங்க சத்தம்தான் செவுத்துல மோதி வருதுன்னு வுட்டுட்டோம். நாங்க நிறுத்தின பெறகும் கொஞ்ச நேரம் கேட்டுகினு இருக்கும்."

"எப்போ?"

"நேத்துகூடக் கேட்டுச்சு."

அவன் இறங்கிப் போய்விட்டான். பின்பக்கச் சுவரில் ஏறி வந்து சொகுசாகக் குடியிருக்கிறான் போல, இரு, உன்னைப் பார்த்துக்கொள்கிறேன் என்று கறுவியபடி ஜஹானாரா போனின் டார்ச்சைப் போட்டாள்.

முதலில் கதவைத்தான் பார்த்தாள். வெளிப்பக்கம் பெயிண்ட் போன வருஷம் அடித்தது, அப்படியே இருந்தது. உள்பக்கம் தாழ்ப்பாளைச் சுற்றிப் பலகை சிராய் சிராயாகப் பிய்ந்து, நடுவில் ஒரு சாண் பள்ளம். சுவரில் காரை உதிர்ந்து செங்கல் தெரிந்தது, அதுவும் உட்கார்ந்திருப்பவனுக்குக் கை எட்டும் உயரத்தில் மட்டும். குடோன் சுவரைப் பார்த்திருக்கும் ஒரே ஜன்னலின் கம்பி ஒன்று வில்லாக வளைந்திருந்தது. மனுஷன் செய்கிற வேலையா இது.

அடுப்படியில் குழாயைத் திருகி முறித்திருந்தான். அதன் கீழே தரை முழுக்கப் பாத்திரங்கள் இருந்தன. டம்ளர், தட்டு, குக்கர் மூடி, சோப்பு டப்பா, மருந்து ஊற்றிக் குடிக்கும் சின்ன மூடி கூட. எல்லாம் வாய் மேலே பார்க்க, ஒன்றை ஒன்று இடிக்காமல், அடுக்கி வைத்திருந்தது. எல்லாம் காய்ந்து கிடந்தன. புளித்த வியர்வையும் துருவும் கலந்த ஒரு வாடை மட்டும், அவள் மூச்சு விடும்போதெல்லாம் கிட்டே வந்தது.

இதை எதற்கு அடுக்கினான் என்று தோன்றியது. தோன்றியதை உடனே தள்ளிவிட்டாள்.

உள்ளறைக் கதவு திறக்கவில்லை. உள்ளே கொண்டி போட்டிருந்தது.

"வெளிய வாடா. நீ கீறது தெரியும்."

அந்தக் கதவிலும் அடிப்பலகை பிய்ந்து, ஒரு கை நுழைகிற சந்து. குனிந்து டார்ச்சை அடித்தாள். வெறுந்தரை. ஒரு பாய், ஒரு சட்டை. மூலை முதல் மூலை வரை பார்த்துவிட்டாள். ஆள் இல்லை. ஆள் இல்லாத அறைக்கு உள்ளே கொண்டி போட்டது யார்?

கதவை விட்டு வேகமாக விலகினாள். கோபத்தில்தான் என்று சொல்லிக்கொண்டாள். மளிகைக்கடைக்காரர் தேடிப் பிடித்துக் கொடுத்திருந்த நம்பருக்கு, திலீப்பின் மனைவி யசோதராவுக்கு, போன் போட்டுக்கொண்டே வெளிச்சத்துக்காக ஜன்னலோரம் வந்தாள். மசூதியில் மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்ல ஆரம்பித்தார்கள்.

"வூட்டுக்காரம்மா பேசறேன். உன் புருசன் வூட்ட இன்னா கதி பண்ணி வச்சிக்கீறான் தெரியுமா? அவனாண்ட போனைக் குடு."

அந்தப் பக்கம் யசோதரா திருப்பிக் கேட்டாள்.

"அவரு எங்க கீறாருன்னு உனக்குத் தெரியாதாக்கா?"

"எனக்கு எப்பிடிடி தெரியும்?"

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. படியேறும் சத்தம். ரிஃபானா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். அழுத முகம். அம்மா போனில் இருப்பதைப் பார்த்துக் குழந்தை ரூஹியைத் தரையில் இறக்கிவிட்டு, மீதிப் பையை எடுத்து வருவதாகச் சைகை காட்டிக் கீழே இறங்கினாள்.

"தண்டல்காரங்க வர்ற நேரத்துக்கு நான் வெளியே பூட்டிகினு வேலைக்குப் போயிடுவேன்" என்றாள் யசோதரா. "அவரு உள்ள சத்தம் காட்டாம குந்திகினு இருப்பாரு. அவரு போனைக்கூட அவங்க புடுங்கிகினாங்க. அன்னிக்கும் அப்பிடித்தான் பூட்டினேன். பஸ் ஸ்டாப்பாண்ட என்னையே புடிச்சு வச்சுகினாங்க. ரெண்டு நாள் கழிச்சு எங்கண்ணன் வந்து மீட்டுச்சு. அது மேல வரப் பயந்து தெருவுல நின்னு பார்த்துட்டு, வூட்டுக்காரம்மா பூட்டு தொங்குதுன்னு சொல்லிச்சு."

ஜஹானாரா வாசல் கதவின் உள்பக்கத்துப் பள்ளத்தைப் பார்த்தாள்.

"நீ தொறந்து பார்த்து, அவரை வெளிய அனுப்பிச்சுட்டுத்தான் பூட்டியிருப்பேன்னு நெனச்சுகினேங்கா. எங்கியோ ஓடிட்டாரு, உசுரோடனா கீறாருன்னு. நீ பார்த்தேல்ல? உள்ள பார்த்துட்டுத்தான பூட்டின?"

பார்க்கவில்லை. யா அல்லா, நான் பார்க்கவில்லை. தண்ணீரையும் நானே மூடினேன்.

போனில் அவள் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தாள். பாங்கு முடிந்தது. கூடம் இருட்டிவிட்டது. கீழே ரிஃபானா ஆட்டோக்காரரிடம் பேசும் சத்தம்.

குழந்தை எங்கே?

திரும்பினாள்.

ரூஹி தவழ்ந்து போயிருந்தாள். உள்ளறைக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கையில் பால் பாட்டில். எதையோ பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தாள்.

கதவின் அடியில் ஒரு கை.

உள்ளங்கை மேலே பார்க்க, குவித்து, ஏந்தி இருந்தது. விரல்களில் நகம் இல்லை. நகம் இருந்த இடங்களில் சிராய் ஏறியிருந்தது.

ஜஹானாரா ஓடிப்போய்த் தூக்க நினைத்தாள். கால் நகரவில்லை.

ரூஹி பாட்டிலைக் கவிழ்த்தாள். இரண்டு சொட்டுப் பால் அந்தக் கையில் விழுந்தது. கை உள்ளே போயிற்று. நக்கும் சத்தம் கேட்டது. மறுபடி வெளியே வந்தது, இந்த முறை முழங்கை வரை. பாட்டிலைத் தேடித் தடவியது. பாட்டில் உருண்டு தள்ளிப் போயிருந்தது. விரல்கள் தரையில் ஊர்ந்து, குழந்தையின் ஈரமான சின்னக் கையைத் தொட்டன.

மூடிக்கொண்டன.