ஈரம் காயாத இடம்

தெரு முழுக்கக் கரண்ட் போயிருந்தது. ஆனால் கெரிமின் வீட்டு வெளிச்சுவரில் மாட்டியிருந்த சார்ஜரின் விளக்கு மட்டும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. காருக்குள் எட்டிப் பார்த்தான். திரையில் சார்ஜ் ஏறிக்கொண்டே இருந்தது. சார்ஜரைச் செய்த சீனாக்காரன் உள்ளே பேட்டரி ஏதாவது வைத்திருப்பான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பிஷ்கெக் நகரத்தின் இந்தக் கடைக்கோடிக் குடியிருப்பில், குளிர்காலத்தில் கரண்ட் ஏன் போனது என்றுதான் கேட்பார்கள், ஏன் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. ஆனாலும் அவன் சார்ஜரைத் தொடத் தயங்கினான். அதற்குக் காரணம் இருந்தது.

அந்த எலக்ட்ரிக் காரை வாங்கியதே மனைவி ஜிபாருக்காகத்தான். அவளுக்கு நிறைமாதம். பனி விழுந்துவிட்டால் ஆம்புலன்ஸ் இந்த மேட்டுத் தெருவில் ஏறாது. முதலில் சமையலறை பிளக்கிலிருந்து ஜன்னல் வழியாக ஒயர் இழுத்து சார்ஜ் போட்டுப் பார்த்தான். பிளக் கருகி நாறியது, மூடாத ஜன்னலில் குளிர் நுழைந்தது, கார் மட்டும் நிரம்பவில்லை. "இதுல சார்ஜ் ஏறுறதுக்குள்ள நம்ம புள்ளைக்குப் பல்லு முளைச்சிடும்" என்று ஜிபார் கம்பளிக்குள்ளிருந்து கேலி செய்தாள்.

எலக்ட்ரீஷியன் ஷெர்மத் வந்து பார்த்தான். இதையே வைத்துக்கொண்டு வீட்டைக் கொளுத்திக்கொள்ளலாம், இல்லையென்றால் கம்பத்திலிருந்து தனி லைன் இழுத்துச் சுவரில் பெரிய சார்ஜராக மாட்டலாம் என்றான். கெரிம் பெரியதையே மாட்டச் சொன்னான். மாட்டியும் அது சிவப்பாகவே நின்றது. வீட்டுக்கு எர்த்தே இல்லை. கேட்டருகே எர்த் கம்பியை அடித்துப் பார்த்தார்கள், உறைந்த மண்ணில் இறங்கவில்லை. கொட்டகைக்குப் பின்னால் ஓர் இடத்தில் மட்டும் பனி தங்காமல் மண் கறுப்பாக, ஈரமாகக் கிடந்தது. அங்கே வைத்ததும் கம்பி ஊறிய ரொட்டியில் இறங்குவது போல இறங்கியது. சார்ஜர் பச்சைக்கு மாறியது. "அந்த ஈரம் மட்டும் காயக் கூடாது. அப்பப்போ உப்புத் தண்ணி ஊத்து" என்று சொல்லிவிட்டு ஷெர்மத் தேநீர் குடித்துவிட்டுப் போனான்.

கெரிம் நாள்தோறும் சாயங்காலம் ஊற்றினான். மண் சத்தமில்லாமல் உறிஞ்சிக்கொண்டது. நாளாக நாளாக அங்கிருந்து ஒரு வாசனை வர ஆரம்பித்தது, சோப்பும் ஆர்ச்சா மரக்கிளைப் புகையும் கலந்த மாதிரி, எங்கேயோ முகர்ந்த, ஆனால் நினைவுக்கு வராத வாசனை. ஒருநாள் ஜிபார் வயிற்றைத் தடவியபடி சொன்னாள்: "சார்ஜ் போட்டுட்டீங்கன்னா இவன் அசையறதே இல்லைங்க. ஒயரைக் கழட்டினாத்தான் உதைக்கிறான்." அப்பனைப் போலவே கரண்டுக்குப் பயம் என்று கெரிம் சிரித்து மழுப்பினான்.

வியாழக்கிழமை பக்கத்து வீட்டு கூமுஷ் அக்கா, செத்தவர்களை நினைத்து எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டித் துண்டுகளைத் தட்டில் எடுத்துக்கொண்டு வந்தாள். கொட்டகைப் பக்கம் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அங்க ஏண்டா கம்பிய அடிச்ச?"

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். இந்த வீட்டை விற்றவர்களின் மருமகள், நிறைமாதக்காரி, பனியில் வண்டி வரும் வரும் என்று காத்திருந்தே, வயிற்றுப் பிள்ளையோடு உள்ளறையில் செத்துப்போனாளாம். முற்றத்தில் கூடாரம் போட்டு அவளைக் குளிப்பாட்டினார்கள். அந்தத் தண்ணீரை, யார் காலும் படாதபடி, கொட்டகைக்குப் பின்னால் குழி தோண்டி ஊற்றினார்கள். தெருவுக்கே தெரியும். வீடு வாங்க வந்தவனிடம் சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை.

"வண்டி வரலையேன்னு போனவடா அவ. இன்னிக்கே பிடுங்கிடு."

கெரிம் காரைப் பார்த்தான். அன்றைக்கு ஓட்டியதில் இறங்கிய சார்ஜ் இன்னும் பாதிகூட ஏறவில்லை. கம்பியைப் பிடுங்கினால் சார்ஜர் மறுபடி சிவப்பாகிவிடும். அவனுக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் ஜிபாரை நினைத்தால் வந்த பயம் அதைவிடப் பெரியது. "பிரசவம் முடியட்டும் அக்கா. மறுநாளே பிடுங்கிடறேன்" என்றான். கூமுஷ் அக்கா தட்டை வைத்துவிட்டு, தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

அது நேற்று. இன்று தெரு இருட்டிக் கிடக்க, பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

உள்ளேயிருந்து ஜிபார் கூப்பிட்டாள். பனிக்குடம் உடைந்திருந்தது. அவளைத் தாங்கிக்கொண்டு வந்து பின்சீட்டில் உட்கார வைத்தான். சார்ஜரின் கைப்பிடியைப் பிடித்தபோது கதகதப்பாக இருந்தது, காய்ச்சல்காரரின் கையைப் பிடித்தது போல. கழற்றினான். அதன் வாயிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீர் சொட்டியது. சோப்பு வாசனை. இப்போது நினைவுக்கு வந்துவிட்டது, செத்துப்போன அவன் அப்பாவைக் குளிப்பாட்டிய நாளின் வாசனை.

நிற்க நேரமில்லை. கிளம்பினான்.

நிலக்கரிப் புகை மண்டிய தெருவில், இரண்டு பக்கமும் இருண்ட வீடுகளுக்கு நடுவே, பனியை நறநறவென்று மிதித்துக்கொண்டு கார் இறங்கியது. எஞ்சின் சத்தம் இல்லாத வண்டி என்பதால் பின்னாலிருந்து வரும் ஒவ்வொரு முனகலும் காதோடு ஒட்டியது. சீட் பெல்ட் போடச் சொல்லி மணி அடித்தது. க்ளிக். நின்றது.

"பெல்ட் போட்டுட்டியா?"

"நான் போடலைங்க."

கெரிம் கண்ணாடியைப் பார்க்கவில்லை. ரோட்டையே பார்த்தான். ஜிபார் மூச்சு வாங்கினாள். அவள் நிறுத்திய இடத்தில் இன்னொரு மூச்சு வாங்கியது. இவள். பிறகு அது. மறுபடி இவள்.

"என் கை நனையுதுங்க" என்றாள்.

இன்னும் இரண்டே வளைவு. ஒன்று. பிரசவ ஆஸ்பத்திரியின் வெளிச்சம். பிரேக். இறங்கி ஓடினான். பின்கதவைத் திறந்தான்.

ஜிபார் இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்திருந்தாள். வலி நின்றுபோயிருந்தது. அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"அசையலைங்க. கிளம்பினதிலேருந்து அசையவே இல்ல."

பக்கத்து சீட் ஈரமாகியிருந்தது. அங்கே யாரும் இல்லை. ஆனால் பெல்ட் பூட்டியிருந்தது. அது தொய்ந்து கிடக்கவில்லை. ஒரு நிறைமாத வயிற்றைச் சுற்றிப் போட்டது போல, வெறும் காற்றின் மேல் உருண்டு நின்றது.

கெரிம் பார்த்துக்கொண்டே இருந்தான். உள்ளேயிருந்து ஏதோ உதைத்தது. பெல்ட் ஒருமுறை எம்பி, அடங்கியது.