இது யார் பயம்?

உடனுணரி வந்த பிறகு அந்தக் கல்லூரியில் மருத்துவ மாணவர்கள் யாரும் நோயாளியை மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்கும்படி அலட்சியமாக எழுதிவிட்டு நிம்மதியாக இருந்ததில்லை. புரட்டுகிற செவிலிய மாணவரின் இடுப்பு பிடித்துக்கொண்டால், எழுதியவரின் இடுப்பும் பிடித்துக்கொண்டது. அதன் பிறகு எழுதியவரே ஓடிவந்து ஒரு கை கொடுத்தார். இதற்கு முன் எத்தனை சுற்றறிக்கைகள் போட்டும் நடக்காத காரியம் இது.

காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும், புளியங்கொட்டை அளவிலான கருவி அது. ஒரு குழுவில் இருப்பவர்களின் உணர்வுகளை மற்றவர்களுக்குக் கடத்தும். எண்ணங்களைக் கடத்தாது, அந்த வித்தை அதற்குத் தெரியாது. வலி, களைப்பு, பதற்றம், நிம்மதி, எல்லாமே பெயரும் முகவரியும் இல்லாமல் வந்து சேரும்.

அதைக் கண்டுபிடித்தவர் பேராசிரியர் நாச்சம்மாள். மருத்துவம், செவிலியம், மருந்தியல் மூன்றையும் ஒரே வளாகத்தில் படித்துவிட்டு, கேன்டீனில் மட்டும் தனித்தனி மேஜை போட்டு உட்கார்ந்த மாணவர்களைப் பார்த்துப் பார்த்து எரிச்சலடைந்தவர். அவருடைய கருவி மேஜைகளை ஒன்றாக்கியது. குரலை உயர்த்தாமலேயே வேலை நடந்தது. கல்லூரி மருத்துவமனையின் வார்டுக்குள் நுழைந்தவர்கள் மெய்மறந்து நின்றார்கள். ஒருவர் கை நீட்டும் முன்பே மற்றவர் பஞ்சை எடுத்துத் தருவார். உண்மையிலேயே அழகான காட்சி.

கருவியோடு ஒரு வழக்கமும் வளர்ந்தது. பயம் யாருடையதோ, அவர்தான் முதலில் பேச வேண்டும். அடுத்தவரின் பயத்தை முந்திக்கொண்டு சொல்வது அநாகரிகம்.

இறுதித் தேர்வன்று தஸ்லிமா, செங்கோடன், லிடியா மூவரும் ஆறுச்சாமியின் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். தஸ்லிமா மருத்துவ மாணவி, செங்கோடன் செவிலிய மாணவன், லிடியா மருந்தியல் மாணவி. ஆறுச்சாமி பஸ்ஸில் டிக்கெட் சோதனை செய்கிற அதிகாரி. படியில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு, அறுவை சிகிச்சை முடிந்து தேறிவருகிறவர். அவரை இன்று வீட்டுக்கு அனுப்பலாமா என்பதுதான் தேர்வு. நாச்சம்மாள் தன் காதிலும் ஓர் உடனுணரியை ஒட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார்.

"வெளிய பையன் கார் கொண்டாந்து நிக்கிறானுங்க. சீக்கிரம் பாத்து அனுப்புங்க கண்ணு," என்றார் ஆறுச்சாமி. அதைச் சொல்லி முடிப்பதற்குள் இடையில் ஒருமுறை மூச்சு வாங்கினார்.

தஸ்லிமா அதைக் கவனித்தாள். லேசாக உறுத்தியது. காலைத் தொட்டுப் பார்த்த செங்கோடனுக்கு, இடது கெண்டைக்கால் வலதைவிடக் கொஞ்சம் பூசினாற்போல் தெரிந்தது. ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, வார்டு மாற்றியபோது விட்டுப்போயிருப்பதை லிடியா திரையில் பார்த்தாள்.

மூன்றும் சின்னச் சின்ன உறுத்தல்கள். ஆனால் உடனுணரி அவற்றை ஒன்றாகக் கூட்டி மூவருக்கும் கடத்தி, ஒவ்வொரு நெஞ்சிலும் பெரும் பயமாக உட்காரவைத்தது.

'விட்டுப்போன மருந்துக்கா இவ்வளவு பயம்? இருக்காது. இது தஸ்லிமாவுடையது. அவள் சொல்வாள்' என்று லிடியா காத்திருந்தாள். தஸ்லிமா செங்கோடனுக்காகக் காத்திருந்தாள். செங்கோடன் லிடியாவுக்காக. மூவரும் எவ்வளவு நாகரிகமாக நின்றார்கள்! மூலையில் நாச்சம்மாளுக்கும் அதே பயம் வந்து சேர்ந்தது. பாவம், பிள்ளைகளுக்குத் தேர்வுப் பயம் என்று நினைத்துக்கொண்டார்.

"அனுப்பலாம்னு..." என்று தஸ்லிமா ஆரம்பித்தாள்.

"கொஞ்சம் இரு கண்ணு," என்றார் ஆறுச்சாமி. "அதென்ன, மூணு பேரும் டிக்கெட் எடுக்காதவனாட்ட முழிக்கிறீங்க? அந்த அம்மாவுந்தான். எனக்கு என்னமோ ஆயிப்போச்சுங்களா? இருந்தாச் சொல்லிப்போடுங்க."

அந்த அறையில் காதில் ஒன்றும் ஒட்டிக்கொள்ளாதவர் அவர் ஒருவர்தான். அதனால் அவருக்கு முகங்களைப் பார்க்க வேண்டியிருந்தது.

"நீ பயப்படுறியா செங்கோடா?" என்று கேட்டாள் தஸ்லிமா.

"நீதானே பயப்படுறே?"

"நான் மூச்சைப் பாத்துத்தான் கொஞ்சம்..."

"எனக்குக் காலு. கெண்டைக்கால் வீங்கியிருக்கு."

லிடியாவின் முகம் வெளுத்தது. "ரத்தம் உறையாம இருக்கக் குடுக்கற மருந்து விட்டுப்போயிருக்கு," என்றாள்.

மூன்று வாக்கியங்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றபோது யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. காலில் உறைந்த ரத்தத்தின் ஒரு துண்டு நுரையீரலுக்குப் போயிருந்ததை ஸ்கேன் காட்டியது. காரில் ஏறியிருந்தால் வழியில் என்ன வேண்டுமானாலும் ஆகியிருக்கலாம். அதன் பிறகு மூவரும் வேலை செய்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! அதற்கும் அந்தப் புளியங்கொட்டைதான் காரணம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆறுச்சாமி பிழைத்தார்.

தேறியவர் மறுபரிசோதனைக்கு வந்த அன்று, அதே மாணவர்கள் நின்றிருக்க, நாச்சம்மாள் உற்சாகமாக ஒரு சிறு பெட்டியைத் திறந்தார். "இது நோயாளிகளுக்காகவே செஞ்ச உடனுணரிங்க. முதல் கருவி உங்களுக்குத்தான். இனி நீங்களும் எங்க குழுவுல ஒருத்தர்."

ஆறுச்சாமி அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். மரியாதையோடு திருப்பிக் கொடுத்தார்.

"நல்ல சாமானுங்க அம்மணி. ஆனா எனக்கும் மாட்டியுட்டுட்டீங்கன்னா, அப்பறம் உங்க மூஞ்சியெல்லாம் யாருங்க பாக்கறது?"

நாச்சம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு, சிரித்தது தானா, மாணவர்களா என்று சந்தேகம் வந்தது. காதுக்குப் பின்னாலிருந்த கருவியை மெல்ல உரித்தெடுத்தார்.

எதிரே மூன்று முகங்கள். உள்ளே என்ன ஓடுகிறது என்று ஒன்றுமே தெரியவில்லை.

"என்னப்பா நினைக்கிறீங்க?" என்று வாய்விட்டுக் கேட்டார். "ஒவ்வொருத்தரா சொல்லுங்க."